அந்தப் பெண் காலையில் சாப்பிட்டாளா?

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா? இங்கே அம்மா நலம். அப்பாவின் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அவரும் நலமாகத்தான் இருப்பார். நான் மட்டும் நலம் என்று எழுத முடியவில்லை. அதனால்தான் அம்மா தூங்கிய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் விழுந்துவிட்டேன். தடுக்கி விழவில்லை. எங்கள் வகுப்புக் கதவுக்கு நேர் மேலே புதிதாக ஒரு மின்சார மணி வைத்திருக்கிறார்கள். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அது முதல்முறையாக அடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது தரையும் என்னைச் சுற்றி நின்ற கால்களும்தான். நடுவில் ஒன்றுமில்லை, அக்கா. தூக்கத்தில்கூட ஏதாவது இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை. கைகால் வெட்டி இழுத்தது என்று பக்கத்துப் பெண் சொன்னாள். பாவாடை நனைந்திருந்தது.

விளையாட்டு ஆசிரியை, "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வெறும் வயிற்றோடு வந்தால் இப்படித்தான் ஆகும் என்று எல்லாரிடமும் சொன்னார். வீட்டில் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு கடிதம் தந்தார். அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

ஏன் என்று உனக்கே தெரியும். நீ நீச்சலில் கோப்பை வாங்கி வந்த அன்றே அம்மா உன் நீச்சல் உடையைக் கத்தரித்து மேசை துடைக்கும் துணியாக்கினாள். நான் விழுந்தது தெரிந்தால் மறுநாளிலிருந்து எனக்குப் பள்ளி கிடையாது. உன்னையும் கல்லூரியிலிருந்து கூப்பிட்டுக்கொள்வாள். நம் இரண்டு பேரையும் அலமாரியில் வைத்துப் பூட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். அதனால் அவளிடம் சொல்லாதே. வீட்டுக்கு வரும் கடிதத்தை அவள்தான் பிரிப்பாள். கீழ் வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கு எழுது. கேட்டேன், சரி என்றார்.

பயமாக இருக்கிறது. நாளைக்கும் அந்த மணி அடிக்கும்.

உன் தங்கை
சுண்டெலி

ஜூலை 13

சுண்டெலிக்கு,

நான் நலம். விடுதிச் சாப்பாட்டை நான் பழகிக்கொள்ளவில்லை, அதுதான் என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பயந்தேன், இரண்டாம் முறை உன்மேல் கோபம் வந்தது. பட்டினியாக ஓடுகிற அளவுக்குப் பள்ளியில் உனக்கு என்ன கொட்டிக் கிடக்கிறது? தினமும் இரண்டு முட்டை சாப்பிடு. அம்மாவிடம் சொல்ல மாட்டேன், சத்தியம்.

மணிச் சத்தத்துக்கு நீ நடுங்கியதில் ஆச்சரியம் இல்லை. அம்மா நூலகத்தில் வேலை பார்ப்பது போதாது என்று வீட்டையும் அதன் கிளையாக்கி வைத்திருக்கிறாள். அழைப்பு மணியின் கம்பியை வெட்டிவிட்டாள். தொலைபேசி கிடையாது, அலாரம் கிடையாது. நம்மை எழுப்பக்கூடக் குரல் கொடுக்காமல் கால் கட்டைவிரலைத்தான் பிடிப்பாள். அப்படி வளர்ந்தவர்களுக்கு வெளியில் கதவு சாத்தினாலே இடி விழுந்த மாதிரிதான்.

இனி என் கதை. உயிரியலுக்குப் புதிதாக ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். முதல் நாள் புத்தகமே இல்லாமல் வந்தார். ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தார். அதில் ஒரு பழ வியாபாரிக்குத் திடீரென்று பார்வை மங்கியது என்பதுவரைதான் இருந்தது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து உட்கார்ந்து நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழு மூன்று கேள்வி கேட்கலாம். "கேட்டா சொல்வேன். கேக்கலன்னா நான் ஊமை" என்றார். நாற்பத்திரண்டு பேரும் சந்தைக்கடை மாதிரி கத்தினோம். சரியான கேள்வி கேட்ட பிறகுதான் அடுத்த அரைத்தாளைத் தந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைத்தாள். மூன்று நாளில் நரம்பு, இரத்தம், கண் எல்லாம் படித்துவிட்டோம், படித்த மாதிரியே இல்லை.

இப்போது ஒவ்வொருவரும் தெரிந்த குடும்பத்திலிருந்து உண்மையான ஒரு கதை கொண்டுவர வேண்டும். எனக்கு நம் வீட்டு மூன்று சாவுகள்தான் நினைவுக்கு வந்தன. அம்மாவின் அப்பா, பெரியம்மா, மாமா. மூன்று பேருமே சின்ன வயது. எத்தனை வயது, எப்படி, அதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள், இவ்வளவு வேண்டும். அம்மாவிடம் கேட்க முடியாது. நீதான் துப்பறிய வேண்டும். சுண்டெலி போகாத மூலை ஏது?

அன்புடன்
அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ கேட்டதைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. செத்தவர்கள் பேச்சை எடுத்தால் அம்மா சோற்றுத் தட்டோடு எழுந்து போய்விடுவாள். அவளுக்குத் தெரியாமல் தேடச் சொல்கிறாயே. ஆனால் தேடினேன்.

அம்மாவின் இரும்புப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு உறை. உள்ளே மூன்று அட்டைகள். நூலகத்தில் புத்தகத்துக்கு ஒன்றாக எழுதி இழுப்பறையில் அடுக்குவார்களே, அதே அட்டை. புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செத்தவர்கள் அவளுக்கு என்ன உறவு என்று. அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

அப்பா. வயது 34. ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கினார். எதிர்வண்டி கூவியது. எழுந்திருக்கவில்லை.

அக்கா. வயது 19. பரீட்சைக்காக அலாரம் வைத்துப் படுத்தாள். அலாரம் அடித்தது. அவள் நிறுத்தவில்லை.

தம்பி. வயது 16. நீச்சல் குளம். பந்தயத்தில் பாதி தூரம். நன்றாக நீந்துவான்.

மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: "காரணம்: பயம்."

அக்கா, நான் அந்த அட்டைகளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. நாம் நினைத்த மாதிரி அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காமல் இல்லை. சத்தம் கேட்டால் நாம் செத்துவிடுவோம் என்று நினைக்கிறாள்.

தையல்காரம்மா உன் கடிதத்தைத் தரும்போது, "எந்தப் பையன்டி இவ்ளோ நீளமா எழுதறான்? எனக்கு வந்தவன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வரி எழுதல" என்றார். அக்காதான் என்றேன். "எல்லாரும் முதல்ல அக்கான்னுதான் சொல்வாங்க" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டெலி

ஆகஸ்ட் 12

என் துப்பறியும் சுண்டெலிக்கு,

நலமா? முட்டை சாப்பிடுகிறாயா? நான் நலம், கொஞ்சம் பெருமையோடு நலம். நாற்பத்திரண்டு கதைகளில் அரைத்தாள் நம்முடையதைத்தான் எடுத்தார். பருவம் முழுக்க இதுதான் பாடம். ஊர், பெயர், வேலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். இது என் குடும்பம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் சம்மதம் வாங்கினாயா என்று கேட்டார். வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன்.

கரும்பலகையில் குடும்பத்தைப் படமாகப் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். செத்தவர்மேல் குறுக்குக் கோடு. நோய் இருக்கிறதென்று நாம் முடிவு செய்தால் உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். மேலே ஒரு சதுரம், கீழே மூன்று பேர், அதில் நடுவில் இருக்கிற வட்டம் அம்மா. அவளுக்குக் கீழே நாம் இரண்டு வட்டங்கள்.

வகுப்பு ரகளையாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒருத்தன், "இது வியாதி இல்ல மேடம், பயந்தாங்கொள்ளிப் பரம்பரை" என்றான். இன்னொருத்தி, மாமியாருக்கு ஒரு அலாரம் வாங்கிக் கொடுத்தால் போதும் போலிருக்கிறதே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று குழுக்கள் வலிப்பு என்று எழுதின. என் குழுவும்தான்.

அடுத்த வகுப்புக்குள் தெரிய வேண்டியது: செத்த மூன்று பேரும் அதற்கு முன்னால் எப்போதாவது விழுந்து எழுந்திருக்கிறார்களா? நம் இரண்டு வட்டங்களுக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னுடையது பசி மயக்கம், அதைச் சேர்க்கவில்லை.

அன்புடன்
அக்கா

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நலம்.

எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீயுமா சிரித்தாய்? அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்தேன், நீ சிரிக்கவில்லை என்று எங்கேயும் இல்லை. அம்மா புடவைக்கு அடியில் ஒளித்து வைத்ததை நான் திருடிக் கொடுத்தேன். அதை வைத்து மாமியார் ஜோக் சொல்கிறார்கள்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில். அம்மா காய் நறுக்கும்போது, பெரியம்மா படிப்பில் எப்படி என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். கத்தி நின்றது. "நல்லாப் படிப்பா. ரெண்டு தடவ விழுந்தா. வலிப்புன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. மருந்து சாப்டுக்கிட்டேதான் போனா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் கேக்கற?" என்றாள். பள்ளியில் கட்டுரை என்றேன். அன்று முழுக்க என்னை விட்டு நகரவே இல்லை. குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றாள்.

தாத்தாவையும் மாமாவையும் பற்றித் தெரியவில்லை.

என் மோவாயில் ஒரு சின்னக் காயம். மேசையில் இடித்துக்கொண்டேன். மற்றபடி ஒன்றுமில்லை.

சுண்டெலி

செப்டம்பர் 3

தங்கைக்கு,

ஆமாம், நானும் சிரித்தேன். மன்னித்துவிடு. இப்போது இங்கே யாரும் சிரிக்கவில்லை.

நேற்று வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்களிடம் ஒருவன் இருக்கிறான், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறந்ததில்லை. அவன் எழுந்து, கடைசி இரண்டு வட்டங்களுக்கும் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது என்று கேட்டான். பேராசிரியை என்னைப் பார்த்தார். சின்னவள் ஒரு முறை பள்ளியில் விழுந்தாள், மணி அடித்த நேரம், ஆனால் அது பசி மயக்கம் என்றேன். அவன் உட்காரவில்லை. "பசின்னு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு காலைல சாப்பிட்டாளா?" என்றான்.

பேராசிரியை சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கூவல், அலாரம், நீச்சல் பந்தயம், மூன்றிலும் திடீரென்று அதிர்வது மூளையா, இதயமா என்று ஒரு குழு கேட்டது. இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழு சொன்னது. உடனே அடுத்த அரைத்தாள் வந்தது. அதில் ஒரு இ.சி.ஜி. கோடு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டுதான் அடுத்ததற்குத் தயாராகும். சிலருக்குப் பிறவியிலேயே அது கொஞ்சம் தாமதமாகிறது. வெளியில் ஒன்றும் தெரியாது, ஓடுவார்கள், விளையாடுவார்கள். அந்தத் தாமதத்துக்குள் ஒரு திடுக்கிடல் புகுந்தால் தாளம் தப்பிவிடும். சில முறை தானாகத் திரும்பும். சில முறை திரும்பாது. பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரி இருக்கும்.

அம்மா அட்டையில் எழுதியது பாதி சரி. பயம்தான் தொட்டது. ஆனால் தொட்டால் விழுகிற மாதிரி இதயம் முன்பே அப்படி இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அன்று காலையில் நீ சாப்பிட்டாயா? ஒரே வரி போதும். இன்றே எழுது.

அக்கா

செப்டம்பர் 7

அக்கா,

சாப்பிட்டேன்.

இரண்டு முட்டை, ரொட்டி, பால். அம்மா எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறை. சாப்பிட்டியா என்று கேட்டபோது, இல்லை என்றால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. சாப்பிட்டேன் என்றால் வேறு ஏதோ என்று அம்மாவைக் கூப்பிடுவார்கள். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் செய்தேன். நீயும் அதை நம்புவாய் என்று நினைக்கவில்லை. நம்பியதும் அப்படியே விட்டுவிட்டேன். நானே பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மோவாய்க் காயம் மேசை இடித்து வந்தது உண்மை. விழும்போது இடித்தது. ஆகஸ்ட் 20, மதிய மணி. அன்றைக்கும் சாப்பிட்டிருந்தேன்.

இப்போது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கழிப்பறைக்கு என்று கேட்டு வெளியே போய்க் காதில் விரலை வைத்து நிற்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு முறை மணி அடிக்கும். வகுப்பில் எனக்குத் தண்ணித்தொட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் செத்துப்போவேனா? நேராகச் சொல். அம்மாவுக்கு நான்காவது அட்டை எழுத வேண்டி வருமா?

உனக்கும் பார்த்தார்களா? உனக்கு இருக்கிறதா?

சுண்டெலி

செப்டம்பர் 12

சுண்டெலிக்கு,

அவசரக் கடிதம், இதைப் படித்ததும் செய். ஓடாதே. தண்ணீரில் இறங்காதே. வேறு எதற்காவது யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே, சில மாத்திரை அந்தத் தாமதத்தைக் கூட்டிவிடும். நீ செத்துப்போக மாட்டாய். நோய் கண்டுபிடிக்கப்படாதவர்கள்தான் போனார்கள். இதற்குத் தினமும் போடுகிற மாத்திரை இருக்கிறது, திடுக்கிடலை இதயம்வரை போக விடாமல் தடுக்கும். பேராசிரியையிடம் எல்லாவற்றையும், சம்மதம் வாங்காததையும் சொல்லிவிட்டேன். பிறகு உன் தலைமையாசிரியைக்கு நேற்றே எழுதினார், மணி பற்றி. அதில் அம்மாவையும் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

நான் கிளம்பி வரவா? அம்மாவிடம் நான் சொல்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மணியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது வராந்தாவின் மறு கோடியில் கைமணி ஆட்டுகிறார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, முதல் கடிதத்தை நான் வீட்டில் கொடுக்கவில்லையா என்று கேட்டார். கிழித்தேன் என்றேன். அவர் திட்டவில்லை, முகம்தான் வெளுத்துப்போனது. அம்மாவைக் கூப்பிடப் போனார். அவள் இதை வெளியாள் வாயால் கேட்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை அம்மா வராவிட்டால் அவரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ வராதே. நீ வந்தால் அம்மா உன்னைத் திரும்ப விட மாட்டாள். நான் சொல்கிறேன். எப்படி என்று தெரியவில்லை, ஆனால் நான்தான் சொல்ல வேண்டும். பொய் சொன்னது நான்.

நீ என் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. கேட்டால் சொல்வேன் என்பதுதானே உங்கள் வகுப்பு விதி? கேட்டுவிட்டேன். எழுதாததால் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் இருக்கிறது. மாடி ஏறுகிறாயா? தனியாகப் படுக்கிறாயா? உன்னை நினைத்தால் எனக்கு என் பயமே மறந்துபோகிறது.

சுண்டெலி

செப்டம்பர் 22

என் தங்கைக்கு,

எனக்கு இல்லை.

செப்டம்பர் 4-ஆம் தேதியே பார்த்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வகுப்பு முழுவதற்கும் எடுத்தார்கள், என் முறை வந்தபோது எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கோடு ஒழுங்காக இருந்தது. பெரிய மருத்துவமனையில் இன்னொரு முறை, ஓடவிட்டும் பார்த்தார்கள். இல்லை. யாரோ கைதட்டினார்கள். நானும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், சுண்டெலி. அடுத்த நொடி நீ விழுந்ததாக எழுதிய முதல் கடிதம் ஞாபகம் வந்தது. எனக்கு இல்லை என்ற இரண்டு சொல்லை உனக்கு எப்படி எழுதுவது? இருக்கிறது என்றிருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

இன்னொன்று, இதையும் நீ தெரிந்துகொண்டு பேச வேண்டும். கரும்பலகைப் படத்தில் இன்று உன் வட்டத்துக்குக் கறுப்பு அடித்தார்கள். அடித்ததும் அந்தப் பேசாத பையன் எழுந்து போய், யாரும் சொல்லாமலே இன்னொரு வட்டத்தையும் கறுப்பாக்கினான். தாத்தாவிடமிருந்து உனக்கு வர நடுவில் ஒரே வழிதான். அப்பா வீட்டில் எல்லாரும் எண்பது வயதுவரை இருந்தவர்கள்.

அம்மா.

நம்மைக் காவல் காத்தவள் என்று நினைத்தோம். அவளுக்கே காவல் இல்லை.

25-ஆம் தேதிக்கு இதய மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார் பேராசிரியை. முகவரியை இணைத்திருக்கிறேன். அம்மா வராமல் இருக்கக் கூடாது.

அக்கா

செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இந்த முறை எழுதலாம். நீ நலமாக இருப்பதற்கு வெட்கப்படாதே. உனக்கு இல்லை என்று படித்ததும் தையல்காரம்மா கடையிலேயே அழுதுவிட்டேன். பையன் கைவிட்டுவிட்டான் என்று நினைத்து அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்போது உன் கடைசிக் கடிதம் வந்திருக்கவில்லை. ஆனால் கரும்பலகையை நீ விவரித்த மாதிரி நோட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கும் அந்த வட்டம் தெரிந்துவிட்டது. வாயால் சொன்னால் அம்மா முடிக்க விட மாட்டாள். அதனால் உங்கள் அரைத்தாள் மாதிரியே மூன்று தாள் எழுதினேன். அம்மா சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தாளை வைத்தேன். மூன்று சாவுகள், பெயர் இல்லாமல். முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தாயா என்று கேட்டுக் கையை ஓங்கினாள். "படிம்மா. என்ன வேணா கேளு, சொல்றேன்" என்றேன். கை அப்படியே நின்றது. படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் தாள். பதினைந்து வயதுப் பெண், மணி அடித்ததும் விழுந்தாள், இரண்டு முறை, இரண்டு முறையும் சாப்பிட்டிருந்தாள். அம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், யார் இந்தப் பெண் என்று கேட்டாள். நான்தான் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாளையிலிருந்து பள்ளி வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். நான் எதற்குப் பயந்தேனோ அதே சொல், அதே குரல். கையை விடுவித்துக்கொள்ளாமலே மூன்றாம் தாளை நகர்த்தினேன். இது பயம் இல்லை, இதயம். மாத்திரை இருக்கிறது. அப்பா வழியில் வந்திருந்தால் அங்கே யாராவது இப்படிப் போயிருப்பார்கள். யார் வழியாக வந்தது?

கீழே நம் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாகப் போட்டிருந்தேன். கறுப்பு எதுவும் அடிக்கவில்லை. நூலகத்தில் வரிசை தேடுகிற மாதிரி அம்மா விரலை வைத்துக்கொண்டே வந்தாள். தாத்தாவிலிருந்து என்வரை. திரும்ப என்னிலிருந்து தாத்தாவரை. விரல் அவளுடைய வட்டத்தில் நின்றது.

"அப்போ நான்தான் குடுத்தேனா?"

நீ எப்போதாவது விழுந்திருக்கிறாயா என்று கேட்டேன். "ரெண்டு தடவ. வெறும் வயிறுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு அவளே பள்ளிக்கு வந்தாள். தலைமையாசிரியை பேசுவதற்கு முன்பே, "இவள வீட்லயே வச்சுக்கறதாத்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க யோசிச்சேன். வீட்ல வச்சா மட்டும் என்ன ஆகப் போகுது" என்றாள். மருத்துவரைப் பார்க்கும்வரை என்னை நூலகர் அறையில் உட்கார்ந்து படிக்க விட்டார்கள்.

நேற்று மருத்துவரிடம் போனோம். இரண்டு பேருக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினார் மருத்துவர். அம்மாவுடையதிலும் என்னுடையதிலும் நீ எழுதிய அந்தத் தாமதம் ஒரே மாதிரி நீண்டிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார், நேற்றே தொடங்கிவிட்டோம். திங்கட்கிழமையிலிருந்து நான் வகுப்புக்குப் போகலாம், ஓட்டமும் நீச்சலும் மட்டும் கூடாது. அம்மா அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் வயதோடு, மாதத்தோடு பதில் சொன்னாள். இவ்வளவு வருடம் வாயே திறக்காதவள். கடைசியாக மருத்துவர் தலை நிமிராமல், மொத்தம் எத்தனை பிரசவம் என்று கேட்டார்.

"மூணு" என்றாள் அம்மா.

தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்து நான் திருத்தப் போனேன். அம்மா எண்ணிக்கையில் தப்பு செய்கிறவள் இல்லை, அக்கா. மூத்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு பையன் என்றாள். ஐம்பத்து மூன்று நாள். தூக்கத்தில். அப்போது உனக்கு இரண்டு வயது. அவனுக்கு அட்டை இல்லை. உங்கள் வகுப்பு ஒன்றரை மாதமாகப் போட்ட படத்தில் நமக்கு நடுவில் ஒரு சதுரம் இல்லாமலே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பாதி வழியில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு வீட்ல ஒரு சத்தமும் இல்லடி. ரேடியோவ அப்பவே வித்தாச்சு. மணிக் கம்பிய வெட்டியாச்சு. பாத்திரத்துக்கு அடியில துணி போட்டுதான் வைப்பேன். பஞ்சுக்குள்ள வச்ச மாதிரி வச்சிருந்தேன் அவன. பக்கத்துலதான் படுத்திருந்தேன்." பயணச்சீட்டை மடித்தபடி, "நான் வேற எத நிறுத்தியிருக்கணும்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியல" என்றாள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும், அக்கா. மூன்றாம் தாளில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: இது பயம் இல்லை, இதயம். ஆனாலும் வீடு வரும்வரை என்னால் சொல்ல முடியவில்லை.

உன் தங்கை
சுண்டெலி